புதிதாய்க் கடை விரித்தவனுக்கு ஒரு வருட அவகாசம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

மக்காவில் செல்வராயிருந்த அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது வெறுங்கையுடன் வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதற்கு அவர்கள் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டுக் கேட்டது ஒன்றே: கடைவீதிக்கு வழி. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தலைநிமிர்ந்தார்கள்.

புதிய ஊரில் தொழில் தொடங்குபவனுக்கு முதல் தேவை தானமன்று, வழியும் அவகாசமும்தான். ஷரீஅத்தின் ஜகாத் சட்டமும் இதையே உணர்த்துகிறது. வணிகப் பொருள் நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைவுற்ற பின்னரே ஜகாத் கடமையாகிறது.

நம் கடற்கரையும் இதை அறிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர், பவித்திரமாணிக்கப்பட்டினம் என வழங்கிய இன்றைய பெரியபட்டினத்துச் சோனகர் பள்ளிவாசலுக்கு வரி நீக்கிய நிலம் வழங்கியதைத் திருப்புல்லாணிக் கல்வெட்டு கூறுகிறது. ஆந்திரக் கரையில் காகதிய கணபதிதேவன் 1244-45இல் மோட்டுப்பள்ளியில் அபய சாசனம் பொறித்தான். கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கை மன்னர்கள் பறித்துவந்த வழக்கத்தை ஒழித்து, சுங்கம் மட்டுமே கொள்வதாக அந்நிய வணிகர்க்கு உறுதியளித்தான்.

சலுகை பெற்ற வணிகர், காலூன்றிய பின் ஊருக்குக் கடன் தீர்த்தனர். தொண்டிக்கு அருகிலுள்ள தீர்த்தாண்டதானத்தின் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டில், மேற்கிலிருந்து வந்த வணிகரின் குழுவான அஞ்சுவண்ணம், மணிக்கிராமத்தாரோடு சேர்ந்து, தம் சரக்குகளின் மீது ஒரு சிறு தொகை விதித்து அவ்வூர்க் கோயில் திருப்பணிக்கு அளித்த செய்தி உள்ளது. மகமை என நாம் அறியும் பொதுப்பங்கு இவ்வகையினதே.

இன்றைய அரசுகளும் இவ்வழியைக் கண்டுள்ளன. ஸ்பெயினில் புதிதாகச் சுயதொழில் தொடங்குவோர், அங்குக் குடியேறிய வெளிநாட்டவர் உட்பட, முதல் 12 மாதங்களுக்குக் குறைந்த சமூகப் பாதுகாப்புச் சந்தா செலுத்தினால் போதும். 2023இல் அது மாதம் 80 யூரோ என்றானது.

ஆனால் நம் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி இளைஞர் பெரிதும் செல்லும் வளைகுடா நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. வெளிநாடு சென்ற தொழிலாளர்க்காக 2012இல் தொடங்கிய மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா, சேமிப்போருக்கு அரசும் ஆண்டுதோறும் 1000 ரூபாய் சேர்த்தது. பெண்களுக்குக் கூடுதலாக 1000 ரூபாய். சேர்ந்தோர் மிகச் சிலரே என்பதால் 2017இல் அது நிறுத்தப்பட்டது. இருபது ஆண்டு பாலையில் உழைத்துத் திரும்புபவனுக்கு ஓய்வூதியமில்லை. பணிக்கொடையைக் கொண்டு ஒரு சிறு கடை வைக்கிறான். அடுத்த மாதமே ஜமாஅத்தின் தலைக்கட்டு வரி ரசீதும் நன்கொடைப் பட்டியலும் அவன் வாசலுக்கு வந்துவிடுகின்றன. "சபுராளிதானே, கொடுக்கட்டும்" என்கிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஜகாத்துக்கே இறைவன் ஓராண்டு அவகாசம் வைத்திருக்க, நாம் விதித்த வரிக்கு அந்த அவகாசம் கூடாதா? திரும்பி வந்து தொழில் தொடங்குவோர்க்கு முதல் ஆண்டு தலைக்கட்டு வரியை நீக்குங்கள். இரண்டாம் ஆண்டு பாதி பெறுங்கள். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். திரும்பி வந்தோரே! காலூன்றிய பின் உங்கள் பங்கை மறவாதீர்கள். 1269இல் அந்நிய வணிகர் மறக்கவில்லை.

அல்லாஹ் நம் அனைவரின் ரிஜ்கிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.