நாயுடன் விடுமுறைத் தங்கல் (பிரிட்டன்)

வளர்ப்பு நாயை உடன் அழைத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகும் பிரிட்டன் குடும்பங்கள் விடுதி அறை, கேரவன், வாடகை வீடு ஆகியவற்றுள் ஒன்றில் தங்குகின்றன. இவற்றுள் சமையலறையும் சிறு தோட்டமும் கொண்ட 'காட்டேஜ்' எனப்படும் நாட்டுப்புற வீட்டுக்கே நாய் வளர்ப்போரிடையே மதிப்பு அதிகம். ஆங்கிலேயரின் நாய்ப்பாசத்தால் இவ்வழக்கம் தானாகவே உருவானது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பாசத்தில் பிரெஞ்சுக்காரரோ ஜெர்மானியரோ குறைந்தவர்கள் இல்லை. அந்நாடுகளில் உணவக மேசையடியில் நாய் படுத்துக் கிடப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் இந்த வழக்கம் இப்படி அமைந்ததற்கு எல்லைச் சட்டமே முதற்காரணம். நாயைக் கடல் தாண்டிக் கொண்டுபோனால் எளிதில் திரும்பக் கொண்டுவர முடியாதபடி ஒரு நூற்றாண்டுக் காலம் தடுத்த ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) சட்டங்கள், நாய் வளர்ப்போரின் விடுமுறையைத் தீவுக்குள் அடைத்தன. இன்றும் அங்கே தங்குமிடம் தேடுபவர் கட்டிலையும் குளியலறையையும் பார்ப்பதற்கு முன், வாசலுக்கு வெளியே உள்ள நிலத்தில் எந்த மாதம் எந்தச் சட்டம் செல்லும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்குகிறது. வெறிநாய்க்கடி அப்போது பிரிட்டன் நகரங்களில் நிலையான அச்சமாக இருந்தது. 1895 முதல் 1900 வரை வேளாண் வாரியத்துக்குத் தலைவராக இருந்த வால்டர் லாங், நோய் கண்ட மாவட்டங்களில் பொதுவெளிக்கு வரும் நாய்கள் எல்லாவற்றுக்கும் வாய்ப்பூட்டு போட வேண்டும் என்ற ஆணையைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினார். நாய் வளர்ப்போர் கொதித்தெழுந்தார்கள். செல்வர்களின் வேட்டை நாய்களுக்கு விலக்கு இருந்தது எரிச்சலைக் கூட்டியது. இன்று 'டாக்ஸ் டிரஸ்ட்' என்று அறியப்படும் அமைப்பு 1891இல் தொடங்கப்பட்டபோது, அது எதிர்த்த கொடுமைகளின் பட்டியலில் வாய்ப்பூட்டும் இருந்தது. லாங் பின்வாங்கவில்லை. உள்நாட்டில் வாய்ப்பூட்டு, துறைமுகத்தில் தடை என்ற இரண்டு கைகளாலும் நோயை நெருக்கியதில், 1902இல் பிரிட்டன் ரேபிஸ் அற்ற நாடாயிற்று. மக்கள் வெறுத்த ஓர் ஆணை இவ்வளவு விரைவாகப் பலன் தந்தது பொதுச் சுகாதார வரலாற்றில் அபூர்வம். 1897ஆம் ஆண்டின் நாய் இறக்குமதி ஆணையும், அதைத் தொடர்ந்து 1901இல் உறுதியான ஆறு மாதத் தனிமைக்காவலும் இந்த வெற்றிக்குக் காவலாக நிறுத்தப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் நாய், அது யாருடையதானாலும், அங்கீகரிக்கப்பட்ட கொட்டிலில் உரிமையாளரின் செலவில் ஆறு மாதம் இருந்த பிறகே வீடு சேரலாம். இந்தியாவில் பணி முடித்துத் திரும்பிய அதிகாரிகளின் நாய்களுக்கும் இதே விதிதான்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போர் காட்டியது. போர்முனையிலிருந்து சிப்பாய்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்கள் வழியாக 1918இல் நோய் மறுபடி நுழைந்தது; அதைத் துடைக்க 1922 வரை ஆயிற்று. அதன்பின் தனிமைக்காவல் கேள்வி கேட்கப்படாத தேசிய நம்பிக்கையாக இறுகியது. 1968இல் நடிகை எலிசபெத் டெய்லரும் அவருடைய கணவர் ரிச்சர்ட் பர்ட்டனும் லண்டனுக்கு வந்தபோது, தங்கள் நாய்களைக் கொட்டிலில் விட மனமின்றி, தேம்ஸ் நதியில் ஓர் உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்து நிறுத்தி அதிலேயே அவற்றை வைத்திருந்தார்கள். கரையில் கால் வைக்காத நாய் இறக்குமதியான நாய் ஆகாது என்பது கணக்கு. நாய்க்காகத் தங்குமிடம் தேர்ந்ததற்கு இதைவிடச் செலவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். மறு ஆண்டே சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லி என்ற ஊரில், ஜெர்மனியிலிருந்து வந்து தனிமைக்காவலை முறையாக முடித்த ஒரு நாய்க்கு வெறி கண்டது. 1974இல் ரேபிஸ் சட்டம் வந்தது. துறைமுகங்களில் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் நிரம்பின.

தங்குமிட வரலாற்றில் இந்தச் சட்டங்களின் தடம் தெளிவாகவே தெரிகிறது. சம்பளத்துடன் விடுமுறை வழங்கும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தொழிலாளர் குடும்பங்கள் முன்னைவிடப் பெருமளவில் கடற்கரைக்குப் போயின. பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊர்களின் தங்கும் விடுதிகளில், காலை உணவு முடிந்ததும் விருந்தினர் வெளியே போய்விட வேண்டும், மாலை உணவுக்குத்தான் திரும்ப வேண்டும் என்று வீட்டுக்காரம்மாக்கள் கண்டிப்பாக இருந்தார்கள். நாயோடு மழையில் ஒரு பகல் முழுவதும் தெருவில் நிற்க எந்தக் குடும்பமும் விரும்பாது. சொந்தக் கதவும் சாவியும் தரும் கேரவனும் வாடகை வீடும் இந்தக் குறையைத் தீர்த்தன. 1960களிலிருந்து ஸ்பெயினுக்கு மலிவான விமானச் சுற்றுலாக்கள் கிளம்பியபோது நாயில்லாத குடும்பங்கள் பறந்துவிட்டன. நாயுள்ளவர்களில் அதைக் கொட்டிலில் விட்டுப் போக மனம் வராதவர்கள் உள்நாட்டிலேயே டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் லேக் டிஸ்டிரிக்டுக்குமே காரை ஓட்டினார்கள். சர் ஜான் ஸ்மித் 1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட், பாழடைந்த பழங்கட்டடங்களைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுகிறது. அதன் பெரும்பாலான வீடுகளில் இன்றும் நாய்க்கு இடம் உண்டு. வெளிநாடு போக முடியாத, ஆண்டுதோறும் தவறாமல் வரும் இந்த வாடிக்கையாளர்களை உள்நாட்டு வீட்டு உரிமையாளர்கள் ஒதுக்க முடியாமற்போனதில் வியப்பில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு விடுமுறையே வசதியுள்ளவர்களுக்குத்தானே. தனிமைக்காவல் இல்லாவிட்டாலும் சாதாரணக் குடும்பம் நாயோடு பிரான்சுக்குப் போயிருக்குமா? 1950கள் வரைக்கும் இந்த மறுப்பு சரிதான். பின்வந்த காலத்துக்கு இது பொருந்தாது. கார் கப்பல்கள் பெருகி, 1994இல் பிரான்சோடு இணைக்கும் கால்வாய்ச் சுரங்கம் திறந்த பிறகு, தென் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்துக்குப் பிரான்சின் நார்மண்டி ஸ்காட்லாந்தைவிடக் கிட்டத்தில் இருந்தது. காரும் பணமும் விருப்பமும் உள்ளவர்களை நாய் ஒன்றே தடுத்து வைத்தது. தடை விலகியபோது அவர்கள் நடந்துகொண்ட விதமே இதற்குச் சான்று. பேராசிரியர் இயன் கென்னடி தலைமையிலான குழு 1998இல் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் உள்ளிட்ட முறையைத் தனிமைக்காவலுக்கு மாற்றாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி வளர்ப்பு விலங்குப் பயணத் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் கால்வாயைக் கடக்க நாய்கள் வரிசை கட்டின. ஆனால் அதற்குள் உள்நாட்டு வாடகை வீட்டின் வழக்கம் வேரூன்றிவிட்டது. 2021இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளைவிட்டு விலகியபின், ஒவ்வொரு பயணத்துக்கும் கால்நடை மருத்துவரிடம் புதிய உடல்நலச் சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று. பிரிட்டனுக்குள் திரும்பி நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்னதாக நாடாப்புழு மருந்து கொடுத்ததற்குப் பதிவும் வேண்டும். இந்த அலைச்சலைக் கணக்கிட்டவர்கள் பலர் மறுபடி கார்ன்வாலுக்கே திரும்பினார்கள்.

ஆகவே இன்று வீடு தேர்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளை. 'நாய்களுக்கு வரவேற்பு' என்ற விளம்பரம் கதவைத் திறக்கிறதே தவிர, உள்ளே என்ன அனுமதி என்று சொல்வதில்லை. எத்தனை நாய், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமா, மாடிக்கும் சோபாவுக்கும் தடையா, தோட்டத்து வேலி எவ்வளவு உயரம், அதன் அடியில் இடைவெளி உண்டா என்பவை பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை. இவற்றுள் மிகக் கனமான விதி, நாயை வீட்டில் தனியே விடக்கூடாது என்பது. பல உரிமையாளர்கள் இதை வலியுறுத்துகிறார்கள். பழகாத வீட்டில் தனியே விடப்பட்ட நாய் குரைக்கும், கதவைப் பிறாண்டும் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சொந்த வீட்டிலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் நாயைத் தனியே விடவேண்டாம் என்பது விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் அறிவுரை. விதியை ஏற்றுக் கையெழுத்திட்டவர் அருங்காட்சியகத்தையும் கோட்டையின் உட்புறத்தையும் நாய் நுழையாத உணவகத்தையும் மறந்துவிட வேண்டியதுதான். காரில் விட்டுப் போகலாம் என்ற எண்ணம் ஆபத்தானது: வெளியே 22 பாகை இருக்கும் நாளில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 பாகை வரை ஏறலாம் என்று அதே அமைப்பு எச்சரிக்கிறது. இதனால் நடக்கும் தொலைவில் நாயை அனுமதிக்கும் ஒரு பப் இருப்பது, கடல் தெரியும் ஜன்னலைவிடப் பயனுள்ளது.

அடுத்தது நிலம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள திறந்த நிலங்களில், 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற மற்றும் வழியுரிமைச் சட்டப்படி, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கான காலம் அது. ஆடுமாடுகள் அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும் இதே விதி. 1953ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டமோ, செம்மறி மேயும் வயலில் நாய் கட்டுப்பாடின்றித் திரிந்தாலே, ஒன்றையும் துரத்தாவிட்டாலும், அதைக் குற்றமாகக் கொள்கிறது. மந்தையைத் தாக்கும் நாயை வேறு வழியின்றிச் சுட்ட விவசாயிக்கு 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் தற்காப்பு வாதம் தருகிறது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாயோடு நடக்கத் தாராளமான உரிமை கொடுத்தாலும், கால்நடைகளைத் தொல்லைப்படுத்தினால் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 40,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. கடற்கரை வேறு கணக்கு. உள்ளாட்சி மன்றங்கள் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணையிட்டு, பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, பிரபலமான மணற்பரப்புகளில் நாய்களைத் தடுக்கின்றன. சில இடங்களில் பகலில் மட்டும் தடை. எனவே ஆகஸ்டில் கடலோரத்தில் அதிக வாடகை கொடுத்து எடுத்த வீட்டிலிருந்து நாயைக் கடலுக்கு அழைத்துப் போக முடியாமற்போகலாம். அதே வீடு அக்டோபரில் குறைந்த வாடகைக்கு மணல் முழுவதையும் தருகிறது. மே மாதத்து மலைப்பண்ணை வீடு ஓடித் திரியப் பழகிய நாய்க்குப் பொருந்தாது. வாரில் நடக்கும் கிழ நாய்க்கு அதுவே சுகம். நிலம் தேரும்போது சட்டத்தோடு உண்ணியையும் எண்ண வேண்டும்: நியூ ஃபாரஸ்டிலும் ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களிலும் அதன் தொல்லை உண்டு.

நாய்க்கு விடுமுறை எதற்கு, நல்ல கொட்டிலில் விட்டுப் போவதே அதற்கும் நல்லதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பயணத்தில் மிரளும் நாய்க்கும், நோயுற்ற நாய்க்கும் அது உண்மை. மற்ற நாய்களைப் பொறுத்தவரை, மனிதர்களோடு இருப்பதே அவற்றுக்கு வழக்கம், இடம் இரண்டாம்பட்சம். ஒவ்வாமை உள்ள அடுத்த விருந்தினரைக் காரணம் காட்டி நாயை மறுக்கும் உரிமையாளருக்கும் நியாயம் உண்டு. அவரை நெருக்குவதைவிட வேறு வீடு பார்ப்பது நல்லது. பார்வையற்றோருக்கும் பிற மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் பயிற்சி பெற்ற நாய்கள் இக்கணக்கில் சேரா. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அவற்றைப் பொதுவாக விலக்க விடுவதில்லை.

இன்று முன்பதிவு பெரும்பாலும் இணையத்தளங்கள் வழியே நடக்கிறது. நாய் அனுமதி உண்டா என்பது அவற்றில் தேடல் குறியாக இருக்கிறது. ஆனால் எல்லை விதிகள் மறைந்துவிடவில்லை. ரேபிஸ் பரவலுள்ள நாடாகக் கருதப்படும் இந்தியாவிலிருந்து நாயைக் கொண்டுபோவோர், தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விமானத்தில் அது சரக்காகவே இறங்கும். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 மே மாதம் செய்துகொண்ட இணக்கத்தில், வளர்ப்பு விலங்குகளுக்கான கடவுச்சீட்டை மீண்டும் கொண்டுவருவதும் இடம்பெற்றது.