வயிற்றுக் கோலமும் இனப்பெயரும்: கொழும்பின் ‘டேங்க் கிளீனர்’ மீன்களைப் பெயரிடுதல்

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ வளர்ப்பு மீன் விற்பவரிடம் ‘டேங்க் கிளீனர்’ கேட்டால், விரல் நீளக் கருமீன் ஒன்றைப் பையில் போட்டுத் தருவார். வியாபாரத்துக்கு அந்தப் பெயர் போதும். ஆய்வாளர் எழுதும் இலத்தீன் பெயர் அதைவிட உறுதியானதா? இலங்கையின் ஆக்கிரமிப்பு இனப் பட்டியல்களில் இம்மீன் டெரிகோப்ளிக்திஸ் மல்டிரேடியாட்டஸ் என்றும், நீர்த்தேக்க ஆய்வில் டெ. பார்டாலிஸ் என்றும் பதிவாகியுள்ளது. இவ்விரண்டும் இருவேறு இனங்களா, ஒரே மீனின் இரு பெயர்களா என்பதை அப்பதிவுகளை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

சாதி (பேரினம்) மட்டத்தில் குழப்பம் குறைவு. தென்னமெரிக்காவின் கவசக் கெளுத்திகளில் டெரிகோப்ளிக்திஸின் முதுகுத் துடுப்பு பாய்மரம் போல் உயர்ந்தது. அதன் கதிர்கள் பெரும்பாலும் பத்தோ அதற்கு மேலோ. மீன் வளர்ப்போர் ‘பிளெக்கோ’ என்று சுருக்கியழைக்கும் ஹைப்போஸ்டோமஸில் அவை வழக்கமாக ஏழே. கதிரை எண்ணத் தெரிந்த மாணவர் எவரும் இவ்விரண்டையும் பிரித்துவிடலாம்.

சிக்கல் அதற்குக் கீழேதான். காஸ்டெல்னோ 1855இல் விவரித்த பார்டாலிஸின் வயிற்றில் கரும்புள்ளிகள் தனித்தனியே நிற்கும். வெபர் 1991இல் மதெய்ரா ஆற்றிலிருந்து விவரித்த டிஸ்ஜங்டிவஸில் அவை ஒன்றோடொன்று இணைந்து புழுநெளிவுக் கோடுகளாகும். ஒரினோகோவைச் சேர்ந்த மல்டிரேடியாட்டஸிலும் வயிற்றுப் புள்ளிகள் இணைவதில்லை. ஆகவே அதைப் பார்டாலிஸிலிருந்து பிரிக்க வயிறு உதவாது. தலையில் கோடுகளாலான வடிவக் கோலம் தெளிவாக உண்டா என்று பார்க்க வேண்டும். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து இனம் சொல்பவரின் துணிச்சலை மெச்சலாம். முடிவை ஏற்க முடியாது.

வயிற்றைப் பார்த்தாலும் தீராத இணை பார்டாலிஸும் டிஸ்ஜங்டிவஸும். புகுத்தப்பட்ட கூட்டங்களில் பாதி புள்ளியும் பாதி கோடுமாக இடைநிலை மீன்கள் கிடைக்கின்றன. 2011இல் தாய்வானில் வெளியான ஆய்வில், வயிற்றுக் கோலப்படி பிரித்த மீன்கள் இழைமணி டிஎன்ஏவில் அவ்வாறு பிரியவில்லை. ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடு என்றோ, கலப்பு என்றோ இதற்கு விளக்கம் சொல்லலாம். பண்ணைக் குளங்களில் தலைமுறைகளாக ஒன்றாகப் பெருக்கப்பட்ட மீன்களில் கலப்பு வியப்பன்று. இழைமணி டிஎன்ஏ தாய்வழியே மட்டும் வருவதால் தந்தையின் இனத்தை அது காட்டாது. எனவே வழக்கமான ‘பார்கோட்’ சோதனையால் மட்டும் கலப்பை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. உட்கரு மரபணுக்களையும் பார்க்க வேண்டும்.

பெயர் எதுவானாலும் தீங்கு ஒன்றுதானே என்பது நியாயமான எதிர்வாதம். கரையைக் குடைந்து பொந்து வைப்பதிலும், உயிர்வளி குறைந்த நீரில் இரைப்பையால் காற்றைச் சுவாசித்துத் தாக்குப்பிடிப்பதிலும், வலையில் சிக்கிக் கண்ணியைக் கிழிப்பதிலும் இம்மீன்களிடையே வேறுபாடு தேட வேண்டியதில்லை. அரையடியைத் தாண்டி வளர்ந்து கண்ணாடித் தொட்டிக்கு ஒவ்வாமல் போகும் மீனுக்குப் பேர வாவியும் வெள்ளவத்தைக் கால்வாயும் நடைதூரம்தான். ஆகவே தடுப்பு நடவடிக்கை இனப்பெயருக்காகக் காத்திருக்கக் கூடாது. விதியும் முழுச் சாதியையும் குறித்தே எழுதப்பட வேண்டும். ஓர் இனத்தை மட்டும் தடுத்தால், அதே மீன் இன்னொரு பெயரில் இறங்கும்.

அதனால் இனப்பெயர் வீணென்று ஆகாது. மீன் எந்த வழியாக வந்தது, எத்தனை முறை வந்தது என்ற கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது. தவறான பெயர் அந்த விடையையே கெடுத்துவிடும். உறுதியற்ற இடத்தில் ‘டெரிகோப்ளிக்திஸ், பார்டாலிஸ்–டிஸ்ஜங்டிவஸ் தொகுதி’ என்று எழுதுவது கூடுதல் நேர்மை. பழைய பதிவுகளில் மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்தால் அதன் வயிற்றையும் தலைக் கோலத்தையும் பார்த்துத் திருத்தலாம். மாதிரி இல்லாத மல்டிரேடியாட்டஸ் பதிவுகளை ஐயத்துக்குரியவை என்றே குறிக்க வேண்டும். இனி இம்மீனைப் பதிவு செய்வோர் வயிறு, தலை, விரித்த முதுகுத் துடுப்பு ஆகிய மூன்றின் படத்தையும், மதுசாரத்தில் இட்ட சிறு துடுப்புத் துண்டையும் மாதிரியோடு சேர்த்து வைக்க வேண்டுகிறேன்.