வேட்டுவன் குளவியும் நாணற்குழலும்

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய எங்கள் வீட்டுத் தோட்டத்தில், மூங்கிற்குழல்களை அடுக்கிய மரப்பெட்டி ஒன்று சுவரில் தொங்குகிறது. சிறு குளவிகளைப் படமெடுப்பதற்கென்று வைத்தது. சென்ற தை மாதம் ஒரு குளவி பச்சைப்புழுவைச் சுமந்துவந்து குழலுக்குள் நுழைந்தது. ஏழெட்டு முறை அவ்வாறே வந்துபோனபின் வாயை மண்ணால் அடைத்தது. சில வாரங்களில் அந்த மண்மூடியைத் துளைத்துக்கொண்டு இளங்குளவி ஒன்று வெளிவந்தது. படங்களை வரிசையாகப் பார்ப்பவருக்குப் புழுவே குளவியாயிற்று என்றுதான் தோன்றும்.

நம் முன்னோர்க்கும் அப்படித்தான் தோன்றிற்று. குளவி கொட்டக் கொட்ட, அதையே நினைந்து புழுவும் குளவியாகிவிடும் என்பது குரு சீடருக்கு நாம் வழிவழியாகச் சொல்லிவரும் உவமை. பாகவதத்தின் 11ஆம் ஸ்கந்தத்தில் அவதூதர் எண்ணும் 24 குருமார்களுள் குளவியும் ஒன்று.

வியப்பு என்னவெனில், சீனத்திலும் இதே கதை வழங்கியது. ஷீஜிங் என்னும் பழம்பாடல் தொகுப்பில் குளவி தூக்கிச்செல்லும் புழுவின் பெயரே பின்னாளில் அங்கு தத்துப்பிள்ளைக்குப் பெயராயிற்று. தன்னைப்போல் ஆகும்படி குளவி புழுவிடம் ஓதுவதாக எழுதிய யாங் சியோங் (கி.மு. 53 – கி.பி. 18), கன்பூசியஸின் மாணாக்கர்களை அதற்கு ஒப்பிட்டார். இரு நாடுகளிலும் ஆசிரியர்கள் இந்த உவமையை விரும்பியதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று.

ஆனால் அங்கே ஒருவர் கூட்டுக்குள் பார்த்தார். மருந்துநூலுக்கு உரை எழுதிய தாவோ ஹொங்சிங் (456–536), குளவி தினையளவு முட்டையிடுகிறது, பிடித்துவரும் இரை அதன் குஞ்சுக்கு உணவு என்று குறித்தார். நாணற்குழலுக்குள் புகுந்து பச்சைப்புழுவைச் சேர்க்கும் குளவியையும் அவர் தனியே சொல்லியிருக்கிறார். என் பெட்டிக்கு வருவதும் அந்த வகையைச் சார்ந்ததே. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஃபாப்ர், கூட்டுச்சுவரில் துளையிட்டு நோக்கி, முட்டை கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்குவதைக் கண்டார். கொட்டுப்பட்ட புழு சாவதில்லை, செயலிழந்து கிடக்கிறது. நெளியும் அதன் உடல் முட்டையை நசுக்காதிருக்கவே அந்த இழை.

ஆக, சீடன் குருவாவதில்லை; குருவின் பிள்ளைக்கு இரையாகிறான்! உவமையைக் கையாண்டவர்களின் கூர்மையைக் குறை சொல்ல மாட்டேன். புழு உள்ளே போவதையும் குளவி வெளியே வருவதையும் பிழையின்றிக் கண்டிருக்கிறார்கள். இடையிலிருந்த மண்மூடியைத்தான் பெயர்க்கவில்லை.

நான் ஒரே ஒரு குழலைப் பிளந்தேன். வெண்ணிறக் குடம்பி ஒன்று, பாதி தின்ற பச்சைப்புழு, அதனருகில் இன்னும் லேசாக அசையும் மற்றொரு புழு. அதைப் படமெடுத்தபின் நூலால் குழலைக் கட்டி மீண்டும் பெட்டியில் செருகிவிட்டேன்.