வடிதாளில் தொடங்கிய கைனேஸ் ஆய்வு

ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியை எடுத்துப் புரதமொன்றின் மீது ஏற்றி, அப்புரதத்தின் செயலைத் தூண்டவோ அடக்கவோ செய்யும் நொதிகள் புரத கைனேஸ்கள் எனப்படுகின்றன. மனித உடலில் ஏறத்தாழ 500 வகைகளாக விரிந்துள்ள இந்நொதிக் குடும்பத்தின் வரலாறு, 1950களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், முயலின் தசைச்சாற்றை வடிகட்டும் எளிய பணியிலிருந்து தொடங்குகிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும், தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜனைச் சிதைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதியை, கார்ல் கோரி, கெர்ட்டி கோரி இணையர் வகுத்த முறைப்படி பிரித்தெடுக்க முயன்றனர். வடிதாளுக்குப் பதிலாக மையவிலக்குக் கருவியைக் கொண்டு சாற்றைத் தெளியவைத்தபோது நொதி செயலற்ற வடிவிலேயே கிடைத்தது. வடிதாளுக்குத் திரும்பியதும் செயல்படும் வடிவம் மீண்டும் தோன்றியது. தாளில் மாசாகக் கலந்திருந்த கால்சியம் அயனிகளே இதற்குக் காரணம் என்பதும், சாற்றிலிருந்த மற்றொரு நொதியை அவை தூண்டிவிட, அந்நொதி பாஸ்பாரிலேஸின் மீது பாஸ்பேட்டை ஏற்றியது என்பதும் பின்னர்த் தெளிவாயின. தசை சுருங்குவதற்கான கட்டளையைத் தாங்கிச் செல்வதும் அதே கால்சியம்தான் என்பதை நினைத்தால், தாளின் மாசு உடலின் மெய்யான செயல்முறையையே ஆய்வுக்குழாய்க்குள் நிகழ்த்திக் காட்டியதன் அழகு விளங்கும். இப்பணிக்கு நோபல் பரிசு கிடைக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செரின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களின் மீது மட்டுமே பாஸ்பேட் ஏறும் என்ற நம்பிக்கையை 1979இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டோனி ஹன்டர் தகர்த்தார். அமினோ அமிலங்களைப் பிரித்தறியப் பலமுறை பயன்படுத்திய பழைய தாங்கல் கரைசலின் அமிலத்தன்மை சற்றே கூடியிருந்ததால், அதுவரை திரியோனினோடு ஒன்றியே தெரிந்த டைரோசின் பாஸ்பேட் தனிப் புள்ளியாகப் பிரிந்து நின்றது. புற்றுநோயைத் தூண்டும் புரதங்கள் பலவும் டைரோசின் கைனேஸ்களே என்று அடுத்தடுத்துத் தெரியவந்தபின், இத்துறை மருத்துவத்தின் மையத்துக்கு நகர்ந்தது.

1991இல் சூசன் டெய்லர் குழுவினர் ஒரு கைனேஸின் வடிவத்தை எக்ஸ் கதிர் படிகவியலால் முதன்முதலில் வெளிப்படுத்தினர். அதன் இரு மடல்களுக்கு இடையிலான பிளவில் ஏடிபி அமர்கிறது. எல்லாக் கைனேஸ்களிலும் இப்பிளவு ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்து இயலாது என்று பலர் கருதினர். நாட்பட்ட எலும்புமஜ்ஜை இரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், அந்நோயைத் தூண்டும் ஏபிஎல் கைனேஸின் செயலற்ற நிலைக்குரிய தனி வடிவத்தைப் பற்றிக்கொண்டு அக்கருத்தைப் பொய்யாக்கியது.

மருந்து உருவான பின்னர் விலை குறித்த போராட்டம் தொடங்கியது. இமாட்டினிப் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு அம்மருந்தை உருவாக்கிய நோவார்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் உள்ளிட்ட பல அரங்குகளைக் கடந்து சென்ற அவ்வழக்கில், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதிசெய்ததால், இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அம்மருந்தைத் தொடர்ந்து தயாரிக்க வழி திறந்தே இருந்தது.