புதுவாயல்: கூட்டுச்சாலை ஊரும் தன்னாட்சியும்

புதுவாயல், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டைக்கு அருகே உள்ள சிற்றூர். ஆரணி வழியாகப் பெரியபாளையம் செல்லும் சாலை இங்கேதான் நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரிகிறது. தச்சூர், ஜனப்பன்சத்திரம் போல இதையும் வெளியூர்க்காரர்கள் ஒரு கூட்ரோடாகவே அறிவார்கள். ஆடி மாதத்தில் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்ந்துகொண்ட குடும்பங்கள் இந்த வழியாகத்தான் பெரியபாளையத்துக்குத் திரும்புகின்றன; மற்ற நாட்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டிகள் இதே சாலையில் ஓடுகின்றன. நெல் விளையும் ஆரணியாற்றுப் படுகையும் தொழிற்பேட்டையும் உரசிக்கொள்ளும் இடம் இது.

இப்படிப்பட்ட ஒரு சிற்றூருக்குத் தன்னாட்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்கப் புல்வெளிப் பகுதியில், கான்சஸ், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில், நகராட்சியாகப் பதிவு பெறாத சிற்றூர்கள் ஏராளம். ஒரு தானியக் கிடங்கு, ஒரு தேவாலயம், சில வீடுகள். மேயரும் இல்லை, மன்றமும் இல்லை. ஊர்ப் பெயர் வரைபடத்தில் இருக்கும், நிர்வாகம் மாவட்டம் போன்ற கவுண்டியின் கையில் இருக்கும். தமிழ்நாட்டில் சட்டப்படி இப்படி ஓர் ஊர் இருக்க முடியாது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின்படி, நகர உள்ளாட்சிக்கு வெளியே உள்ள எந்தக் குக்கிராமமும் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளில் ஏதாவது ஒன்றுக்குள் வந்துவிடும். இதைக் காட்டி, நம் சிற்றூர்கள் புல்வெளி ஊர்களைவிட மேலான நிலையில் இருக்கின்றன என்று சொல்வதுண்டு. ஏட்டில் அது உண்மை. நடப்பில் அப்படியில்லை என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் அண்மை வரலாறே சான்று. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது; அதுவரை அரசு நியமித்த தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தார்கள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243E பிரிவு சொல்லியும் இதுதான் நிலை. புல்வெளிச் சிற்றூர்க்காரர் தம் கவுண்டி ஆணையர்களையாவது வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார். தனி அலுவலர் காலத்தில் புதுவாயல் போன்ற ஊர்களில் இருப்பவருக்கு உள்ளாட்சியில் அந்த வாக்கும் இல்லை.

குடிநீரும் தெருவிளக்கும் நிற்காமல் கிடைத்தால் போதாதா, தனி அலுவலர் அதைச் செய்கிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தனி அலுவலராக ஒன்றியத்தின் பல பத்து ஊராட்சிகளையும் சேர்த்துப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, கூட்டுச்சாலையில் எந்த இடத்தில் மழைநீர் வடியாமல் நிற்கிறது, எந்தத் திருப்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கிறார்கள் என்பது புகாராக வந்தால்தான் தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் அந்த வழியாகவே தினமும் நடக்கிறவர். அதிலும் நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் பொறுப்பு, தொழிற்பேட்டை சிப்காட்டின் பொறுப்பு. இரண்டு பெரிய நிறுவனங்களிடம் ஊர் சார்பாகப் போய் நின்று பேச ஒரு தலைவர் மற்ற கிராமங்களைவிடக் கூட்டுச்சாலை ஊருக்குத்தான் கூடுதலாகத் தேவை.

பேரூராட்சியாகத் தரம் உயர்த்திவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது இன்னொரு வாதம். உழவை விட்டு ஆலை வேலைக்குப் போகிறவர்கள் பெருகும் வட்டாரத்தில் அதற்கு வலு உண்டு. ஆயினும் தரம் உயர்ந்தால் வரிகள் கூடும். ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும். அதை நம்பியிருக்கும் நிலமற்ற பெண்களே முதலில் இழப்பார்கள். கிராமசபையும் இல்லாமல் போகும். ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய அந்தச் சபையில்தான் வரவு செலவுக் கணக்கை எந்த வாக்காளரும் எழுந்து கேட்க முடியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இப்பகுதியில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இங்கே வாக்காளர்கள் அல்லர். ஊரின் தண்ணீரையும் சாலையையும் அவர்களும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் குறையைச் சொல்ல இன்றுள்ள கிராமசபையில் இடமில்லை, பேரூராட்சி ஆனாலும் அது வரப்போவதில்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஊராட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவதும், வாக்கில்லாத குடியிருப்பாளரும் கிராமசபையில் பேச வழி செய்வதும்தான்.