ஐக்கிய அமெரிக்காவில் உடல்பேணல் சேவைகளுக்கான இனாம்

ஐக்கிய அமெரிக்காவில் முடிதிருத்தகம், அழகு நிலையம், மசாஜ் நிலையம் முதலிய இடங்களில் கட்டணத்துக்கு மேலதிகமாக வாடிக்கையாளர் பணியாளருக்குத் தரும் தொகை இனாம் ஆகும். பேச்சுவழக்கில் இது டிப்ஸ் எனப்படும். சட்டப்படி இது கட்டாயமன்று. வழக்கத்திலோ ஏறத்தாழக் கட்டாயமே. மாறாக, மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர் ஆகியோருக்கு இனாம் தரும் வழக்கம் இல்லை. இரு சாராரும் உடலைத் தொட்டுப் பணி செய்பவர்களே என்பதால், அந்நாட்டுக்குப் புதிதாகச் செல்வோருக்கு இவ்வேறுபாடு குழப்பம் தருவதுண்டு.

வழக்கிலுள்ள அளவு

முடி திருத்துதல், நகப் பராமரிப்பு, முகப் பராமரிப்பு ஆகியவற்றுக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை தருவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 40 டாலர் கட்டணத்துக்கு 6 முதல் 8 டாலர் வரை தரலாம். தள்ளுபடிச் சீட்டைப் பயன்படுத்தினாலும் முழுக் கட்டணத்தைக் கொண்டே கணக்கிடுதல் நன்று. தலை அலசிவிடும் உதவியாளருக்குச் சில டாலர்கள் தனியே தரப்படும். கடை உரிமையாளரே முடி திருத்தினால் இனாம் வேண்டியதில்லை என்பது பழைய மரபு. இப்போது பலர் அவருக்கும் தருகின்றனர். சில மசாஜ் நிலையங்கள் சேவைக் கட்டணத்தை முன்னரே சேர்த்துவிடுவதால் பற்றுச்சீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஊதியமும் சட்டமும்

இனாம் இங்கு அன்பளிப்பு என்பதைவிட ஊதியத்தின் ஒரு பகுதி என்பதே பொருந்தும். கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர் ஆகும். ஆனால் மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக இனாம் பெறுவோருக்கு முதலாளி 2.13 டாலர் மட்டும் தரலாம். இத்தொகை 1991 முதல் மாறவில்லை. இனாமைச் சேர்த்தும் 7.25 டாலர் வராவிடில் குறையை முதலாளி ஈடுசெய்ய வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் இம்முறையை ஏற்பதில்லை. வாஷிங்டன் மாநிலம் 1909இல் இனாமையே தடை செய்து பார்த்தது. 1913இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

முடி திருத்துவோர் பலர் ஊழியர்களே அல்லர். கடையில் ஓர் இருக்கையை வாடகைக்கு எடுத்து, சாயமும் கருவிகளும் தம் செலவில் வாங்கித் தொழில் செய்கின்றனர். ஊழியராக இருப்போரின் இனாமை முதலாளியோ மேலாளரோ எடுத்துக்கொள்வதை 2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்தது. 2025இல் இயற்றப்பட்ட வரிச் சட்டம், 2025 முதல் 2028 வரையிலான ஆண்டுகளுக்கு, சில வரம்புகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையான இனாமுக்கு வருமான வரிக் கழிவு அளித்தது. முடி திருத்துவோரும் மசாஜ் செய்வோரும் இதில் அடங்குவர்.

மருத்துவத் துறை

வலியோடு இருப்பவர் தரும் பணத்தை முழு விருப்பத்துடன் தந்தது எனக் கொள்ள இயலாது. பணம் தந்தவருக்குக் கூடுதல் கவனிப்பு, தராதவருக்குக் குறைவு என்னும் ஐயமும் எழும். எனவே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகள், பரிசுகள் சிகிச்சையைப் பாதிக்கக்கூடும் என மருத்துவர்களை எச்சரிக்கின்றன. செவிலியருக்கு ஒரு நன்றி மடல், அல்லது பிரிவில் உள்ள அனைவருக்குமாக ஓர் இனிப்புப் பெட்டி தருவதே நடைமுறை.

ஊதியக் குறைவு மட்டுமே இனாமுக்குக் காரணம் எனக் கூறமுடியாது. முதியோரை வீட்டில் குளிப்பாட்டி உடுத்திவிடும் பராமரிப்பாளரின் ஊதியமும் குறைவே. ஆயினும் அவர்களை அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் பணம் பெறுவதைத் தடை செய்கின்றன. தனியே இருக்கும் முதியவர் மறுக்க இயலாத நிலையில் இருப்பார் என்பதே காரணம். பாதுகாப்பு முதியவருக்குக் கிடைக்கிறது. பராமரிப்பாளரின் ஊதியம் அப்படியே இருக்கிறது.

மசாஜ் இவ்விரண்டுக்கும் எல்லையில் உள்ளது. ஒரே உரிமம் பெற்றவர் அழகு நிலையத்தில் செய்தால் இனாம் உண்டு; இயன்முறை மருத்துவ நிலையத்தில் செய்தால் இல்லை.

அங்கேரி

அங்கேரியில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு மருத்துவருக்கு உறையில் பணம் வைத்துத் தருவது பல பத்தாண்டுகள் நீடித்த வழக்கம். நன்றிப்பணம் எனப் பொருள்படும் சொல்லால் அது அழைக்கப்பட்டது. மருத்துவர்களின் ஊதியத்தைப் பெருமளவு உயர்த்திய அதே சட்டம், 2021 சனவரி 1 முதல் அப்பணத்தைத் தருவதையும் பெறுவதையும் குற்றமாக்கியது.