வாவியும் கடலும்: மட்டக்களப்புக் கரையோரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பின் வரலாற்றை ஆராய்ந்தோர் அரசு, குடி, கோயில் என்பன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அவை நிலைகொண்ட நிலமும் வரலாற்றுக்குட்பட்டதே என்பது போதிய கவனம் பெறவில்லை எனலாம்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. கண்டங்களை மூடியிருந்த பனிப்படலங்கள் உருகக் கடல் உயர்ந்தது. அவ்வுயர்வு தணிந்த பின்னரே மணற்றிட்டுக்களால் கடலினின்று பிரிக்கப்பட்ட இத்தகைய வாவிகள் இன்றைய வடிவைப் பெற்றன. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் தோற்றத்தையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

இவ்வாவியின் இரு கரைகளிலும் வேறுபட்ட உற்பத்தி முறைகள் வளர்ந்தன. எழுவான்கரையில் வாழ்ந்த போடியார் பலர் படுவான்கரையிற் பெருவயல்களை உடைமையாகக் கொண்டிருந்தனர். அவற்றில் உழைத்தோர் நிலமற்றோர். மீனவர் வாவியையும் கடலையும் நம்பி வாழ்ந்தனர். இவ்விரு நலன்களும் முரண்படும் இடம் முகத்துவாரம். மாரியில் வாவி பெருகும்போது, வயல் அமிழாதிருக்க மணற்றடையை வெட்டுமாறு விவசாயிகள் கோருவர். காலந்தவறி வெட்டினால் மீனும் இறாலும் குன்றுமென மீனவர் அஞ்சுவர். யார் கோரிக்கை நிறைவேறும் என்பதை நீரின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

இம்முரண்பாட்டைக் கடலின் உயர்வு கூர்மையாக்கும். மிதக்கும் பனி உருகுவதாற் கடல்மட்டம் பெரிதும் உயர்வதில்லை. கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா ஆகியவற்றின் நிலப்பனியும் மலைப்பனியும் உருகுவதும், வெப்பமுற்ற நீர் விரிவடைவதுமே காரணங்களாம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2100 அளவில், 1995–2014 காலச் சராசரியைவிடச் சுமார் 0.3 முதல் 1 மீற்றர் வரை உயரலாமென அறிஞர் கணிக்கின்றனர். வாவிக்கும் கடலுக்குமிடையிலான மட்ட வேறுபாடே வெள்ளத்தை வெளியேற்றுகிறது. அது குறையின் முகத்துவாரத்தை வெட்டினும் வயல்நீர் விரைந்து வடியாது. கோடையில் உவர்நீர் மேலும் உட்புகும்.

கரை பின்வாங்கும்போது நிகழக்கூடியதை 2004 திசம்பர் 26 முன்னறிவித்தது. ஆழிப்பேரலைக்குக் காரணம் கடலடி நிலநடுக்கமேயன்றிப் பனியுருகல் அன்று. எனினும் அதன் பின்விளைவு இங்கு பொருத்தமானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி அழிந்தது. 2005இல் வடக்குக் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், ஏனைய பகுதிகளில் 100 மீற்றருக்குள்ளும் மீளக் குடியமர்தல் தடுக்கப்பட்டது. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. நாவலடி மக்களிற் பலர் திராய்மடுவிற் குடியேற்றப்பட்டனர். உயிர் காக்கும் அவ்விடமாற்றமே, வள்ளத்தையும் வலையையும் வீட்டருகே வைத்துத் தொழில் செய்த குடும்பங்களைக் கடலினின்று அகற்றியது.

வளிமண்டலத்தை வெப்பமாக்கிய கைத்தொழில் மூலதனத்தின் இலாபத்தில் இம்மக்களுக்குப் பங்கிருக்கவில்லை. எனவே முகத்துவாரம் எப்போது வெட்டப்படும், எக்குடி எங்கே பெயரும் என்ற முடிவுகளில் மீனவரும் நிலமற்ற உழவரும் பங்குபெறுதல் அவசியமாகும். அஃதின்றேல் பழைய நிலவுடைமை உறவுகளே புதிய கரையின் எல்லையையும் வரையும்.